இங்கிலாந்து முன்னோரோட அப்ரெண்டிஸ் ரெக்கார்டைத் தேடுறது எப்படி: முதல்ல காசு யாரு குடுத்தாங்கன்னு பாருங்க

இங்கிலாந்துல வேர் இருக்கிற குடும்பத்தோட பரம்பரையத் தேடுறவங்க நம்ம ஆளுங்கள்ல நிறைய பேர் இருக்கோம். என்னை மாதிரி அந்த ஊர்க்காரரைக் கட்டிக்கிட்டு பிள்ளைங்களுக்காக தேடுறவங்க, பெரம்பூர் பல்லாவரம்னு இருந்து பாட்டன் முப்பாட்டனைத் தேடுற ஆங்கிலோ இந்தியன் குடும்பத்துக்காரங்க, ஹிஸ்டரி பைத்தியத்துல ஃப்ரெண்டுக்காக தேடிக் குடுக்கிறவங்க. எல்லாரும் ஒரே இடத்துல போய் முட்டி நிப்போம். 1851 சென்சஸ்லதான் ஒருத்தர் எந்த ஊர்ல பிறந்தாருன்னு முதல்முதலா எழுதினாங்க, 1841 சென்சஸ்ல அதே கவுண்ட்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) பிறந்தாரா இல்லையாங்கிறது மட்டும்தான், அதுக்கு முன்னாடி போனா சர்ச் ரிஜிஸ்டர்தான் கதி. பிர்மிங்ஹாம்ல 1760ல கல்யாணம் பண்ணின ஒரு ஜான் எந்த கிராமத்துல இருந்து வந்தாரு, அவர் அப்பா பேரு என்ன, அந்த கல்யாண ரிஜிஸ்டர்ல ஒரு வார்த்தை இருக்காது. அந்த பள்ளத்தைத் தாண்ட எனக்குத் தெரிஞ்சு அப்ரெண்டிஸ் ரெக்கார்டை விட நல்ல பாலம் கிடையாது, ஏன்னா நல்ல என்ட்ரி கிடைச்சா ஒரே வரியில பையன் பேரு, அப்பா பேரு, அப்பா தொழில், சொந்த ஊரு, மாஸ்டர் பேரு, மாஸ்டர் ஊரு எல்லாம் வந்துடும். ஊர் விட்டு ஊர் வந்த ஆளை பழைய ஊரோட கட்டிப் போடுற கயிறு அது.

கொஞ்சம் பின்னணி சொல்லிடுறேன், இது தெரியாம தேடினா எங்க தேடுறோம்னே புரியாது. 1563ல முதலாம் எலிசபெத் காலத்துல ஒரு சட்டம் வந்துச்சு, ஒரு தொழிலைப் பண்ணணும்னா 7 வருஷமாவது ஒரு மாஸ்டர்கிட்ட அப்ரெண்டிஸா இருந்து பழகியிருக்கணும்னு. 1814 வரைக்கும் அந்த விதி பேப்பர்ல உயிரோட இருந்துச்சு. பசங்க பெரும்பாலும் 14 வயசு வாக்குல சேருவாங்க, மாஸ்டர் வீட்லயே தங்கி, அங்கயே சாப்பிட்டு, 21 வயசு வாக்குல வெளிய வருவாங்க. அதனால உங்க ஆளு பிறந்த வருஷம் தோராயமா தெரிஞ்சா அதோட 14 கூட்டி, முன்ன பின்ன ரெண்டு மூணு வருஷம் சேர்த்துத் தேடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, 1563ல இருந்த தொழிலுக்குத்தான் இந்த சட்டம் செல்லும்னு கோர்ட்டுகள் சொல்லிடுச்சு, அதனால பருத்தி மாதிரி பின்னாடி வளர்ந்த தொழில்ல இருந்தவங்களுக்கு பத்திரமே இல்லாமலும் இருக்கலாம்.

பத்திரம்னு சொன்னேன்ல, அது ஒரே தோல் தாள்ல ரெண்டு தடவை அதே வாசகத்தை எழுதி, நடுவுல நெளிநெளியா வெட்டி, ஒரு பாதி மாஸ்டர் கையில, இன்னொரு பாதி பையன் வீட்ல இருக்கும். நாளைக்கு தகராறுன்னா ரெண்டையும் சேர்த்து வெச்சா வெட்டு பொருந்தணும், பொருந்தலன்னா ஒண்ணு போலி. உள்ள இருக்கிற வாசகம் படிக்கப் படிக்க அந்த காலமே கண்ணு முன்னாடி வரும்: மாஸ்டரோட ரகசியத்தைக் காக்கணும், அவர் சரக்கை வீணாக்கக் கூடாது, சீட்டு தாயம் ஆடக் கூடாது, கல்யாணம் பண்ணிக்கக் கூடாது, சாராயக்கடை நாடகக் கொட்டகைப் பக்கம் சுத்தக் கூடாது, கேக்காம ராத்திரியோ பகலோ வெளிய போகக் கூடாது. பதிலுக்கு மாஸ்டர் தொழிலைக் கத்துக்குடுத்து, சாப்பாடு, குடிக்க, உடுக்க, படுக்க இடம் எல்லாம் தரணும். பின்னாடி இதெல்லாம் பிரிண்ட் ஃபாரமா வந்துடுச்சு, பேரும் தேதியும் மட்டும் கையால எழுதுவாங்க.

சரி, இந்த பத்திரம் எங்க கிடைக்கும்? பெரும்பாலும் கிடைக்காது, ஏன்னா அது ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல இருந்த தனிப்பட்ட காகிதம், வேலை முடிஞ்சதும் தூக்கிப் போட்டிருப்பாங்க. நாம தேடுறது பத்திரத்தை இல்ல, அந்த பத்திரம் எழுதும்போது கூட நின்னு கணக்கு எழுதினவங்களோட புக்கை. வரி வாங்கினவன் ஒரு புக் வெச்சிருந்தான், கில்டுன்னு சொல்ற தொழில் சங்கத்தோட கிளார்க் ஒரு புக், ஏழைப் பிள்ளைய சேர்த்துவிட்ட பாரிஷ் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதியோட ஊர் நிர்வாகம்) ஒரு புக், கப்பல் ஆபீஸ் ஒரு புக். எந்த புக்கைத் திறக்கணுங்கிறது ஒரே கேள்வியில தெரிஞ்சுடும்: இந்தப் பையனை சேர்க்க காசு குடுத்தது யாரு?

அப்பா காசு குடுத்திருந்தா முதல்ல வரி புக். தொழில் கத்துக்குடுக்க மாஸ்டர் வாங்குற தொகைக்கு பிரீமியம்னு பேரு, அந்த பிரீமியம் மேல 1710ல அரசாங்கம் வரி போட்டுச்சு, 50 பவுண்ட் வரைக்கும் பவுண்டுக்கு 6 பென்ஸ், அதுக்கு மேலன்னா பவுண்டுக்கு 1 ஷில்லிங் (12 பென்ஸ்), கட்ட வேண்டியது மாஸ்டர். இந்த வரிக் கணக்குப் புக்குங்க 1710ல இருந்து 1811 வரைக்கும் லண்டன் கியூவுல இருக்கிற நேஷனல் ஆர்கைவ்ஸ்ல ஐஆர் 1ங்கிற வரிசையில இருக்கு. ஆன்செஸ்ட்ரி சைட்ல பக்கம் பக்கமா ஸ்கேனே இருக்கு, ஃபைன்ட்மைபாஸ்ட்ல இண்டெக்ஸ் இருக்கு, பிரிட்டன்ல நிறைய பப்ளிக் லைப்ரரில ஆன்செஸ்ட்ரி இலவசமாவே பாக்கலாம், அதனால சந்தா கட்டுறதுக்கு முன்னாடி அங்க இருக்கிற சொந்தக்காரங்க யாரையாவது லைப்ரரிக்குப் போய்ப் பாக்கச் சொல்லுங்க.

இந்த புக்ல ரெண்டு விஷயம் கவனிக்கணும். 1752 வாக்குல வரைக்கும்தான் பையனோட அப்பா அம்மா பேரு எழுதினாங்க, அதுக்கப்புறம் பெரும்பாலும் பையன் பேரும் மாஸ்டர் பேரும் மட்டும்தான். இன்னொண்ணு, வரி கட்ட அப்ரெண்டிஸ் காலம் முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் டைம் இருந்துச்சு, அதனால 1730ல சேர்ந்த பையன் 1738 புக்ல இருந்தா ஆச்சரியப்படாதீங்க, எட்டு வருஷம் தள்ளி வரைக்கும் பாத்துட்டுத்தான் இல்லன்னு முடிவு பண்ணணும். பிரீமியம் தொகையும் பேசும். கிராமத்துச் செருப்புத் தைக்கிறவர்கிட்ட சேர சில பவுண்டு போதும், லண்டன் பெரிய வியாபாரிகிட்ட சேர நூத்துக்கணக்குல ஆகும், அதனால எவ்வளவு கட்டினாங்கன்னு பாத்தாலே அந்த அப்பாவோட நிலைமை புரிஞ்சுடும்.

ஒரு நிஜ உதாரணம் பாருங்க. கவிஞர், ஓவியர் வில்லியம் பிளேக் 14 வயசுல, 1772 ஆகஸ்ட் 4 அன்னைக்கு, செதுக்கோவியம் பண்ற ஜேம்ஸ் பசையர்கிட்ட சேர்ந்தாரு. ஸ்டேஷனர்ஸ் கம்பெனிங்கிற லண்டன் கில்டோட புக்ல அந்த என்ட்ரி இருக்கு: கார்னபி மார்க்கெட் பிராட் ஸ்ட்ரீட் ஜேம்ஸ் மகன் வில்லியம் பிளேக், கிரேட் குயின் ஸ்ட்ரீட்ல இருக்கிற பசையர்கிட்ட, 7 வருஷம், 52 பவுண்ட் 10 ஷில்லிங், குடுத்தது அவர் அப்பா. அப்பா பேரு, தெரு, மாஸ்டர் தெரு, தொகை, காசு குடுத்தது யாருங்கிறது உட்பட மொத்தமும் அந்த ஒரே வரியில. 1772ங்கிறதால வரி புக்கை மட்டும் நம்பி இருந்தா அப்பா பேரை எதிர்பாக்க முடியாது, கில்ட் புக்தான் குடுக்குது. அதனாலதான் ஒரே ஆளுக்கு ரெண்டு புக்கையும் பாருங்கன்னு கேக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டே இருக்கேன்.

இப்ப அதே லண்டன், அதே 14 வயசு, வேற பையன். மைக்கேல் ஃபாரடே, கொல்லர் வீட்டுப் பையன், வீட்ல கையில காசு கிடையாது. ஜார்ஜ் ரீபோங்கிற புக் பைண்டர்கிட்ட முதல்ல எடுபிடியா ஓடினாரு, அவர் ஒழுங்கா வேலை செஞ்சதைப் பாத்துட்டு 1805 அக்டோபர் 7ல ரீபோ அவரை அப்ரெண்டிஸா எடுத்துக்கிட்டாரு, அவரோட விசுவாசமான வேலையக் கருதி பிரீமியம் வாங்கலன்னு பத்திரத்துலயே எழுதியிருக்கு. பிரீமியம் இல்லன்னா வரி இல்ல, வரி இல்லன்னா வரி புக்ல பேரும் இல்ல. உங்க முன்னோர் அந்த புக்ல இல்லன்னா அவர் அப்ரெண்டிஸாவே இருக்கலன்னு முடிவு கட்டிடாதீங்க. அப்பாகிட்டயோ மாமாகிட்டயோ தொழில் பழகினவங்களுக்கும் இதே கதைதான், வீட்டுக்குள்ளயே கத்துக்கிட்டதுக்கு யாரு பத்திரம் எழுதினா.

அடுத்து, ஊரே காசு குடுத்த கேஸ். அநாதைப் பிள்ளைங்க, அப்பா அம்மாவால வளர்க்க முடியாத பிள்ளைங்க, இவங்களை பாரிஷ் அதிகாரிங்க ரெண்டு மாஜிஸ்ட்ரேட் ஒப்புதலோட யாராவது வீட்ல கட்டிவிடுவாங்க. இதுல 7, 8 வயசுப் பிள்ளைங்க கூட இருக்கும், படிக்கவே மனசு வலிக்கும். ஆம்பளப் பசங்களுக்கு 24 வயசு வரைக்கும் கட்டு, 1778லதான் அதை 21ஆ குறைச்சாங்க, பொண்ணுங்களுக்கு 21 வயசு இல்லன்னா கல்யாணம் வரைக்கும். தொழில்னு எழுதியிருக்கிற இடத்துல விவசாய வேலை, வீட்டு வேலைன்னு இருக்கும், அதாவது கூலி இல்லாம வேலை வாங்கிக்க ஒரு ஆளு. 1697ல இருந்து, சேத்துக்க மாட்டேன்னு சொல்ற வீட்டுக்காரருக்கு 10 பவுண்ட் அபராதம். இந்தப் பிள்ளைங்களுக்கு வரி விலக்கு, அதனால வரி புக்ல தேடிப் பிரயோஜனம் இல்ல, அந்தந்த கவுண்ட்டி ரெக்கார்ட் ஆபீஸ்ல பாரிஷ் பேப்பர்ஸ்ல, ஏழைகளைப் பாத்துக்கிட்ட ஓவர்சியர்களோட கட்டுல தேடணும். 1802 சட்டத்துக்கப்புறம் இதுக்குன்னே தனி ரிஜிஸ்டர் வெக்கச் சொன்னாங்க, 1834க்கு அப்புறம் ஏழைகளைப் பாத்துக்கிற பொறுப்பு போன போர்டு ஆஃப் கார்டியன்ஸோட ரெக்கார்ட்ஸ்ல பாக்கணும்.

லண்டன் பாரிஷ்கள் இந்தப் பிள்ளைங்களை ரொம்ப தூரத்துல இருக்கிற பஞ்சாலைங்களுக்கு எல்லாம் அனுப்பிச்சு, 1816லதான் 40 மைலுக்கு மேல அனுப்பக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. செஷயர்ல ஸ்டயல் கிராமத்துல குவாரி பேங்க் மில்லுன்னு ஒண்ணு, 1784ல ஆரம்பிச்சது, அங்க இந்தப் பிள்ளைங்க தங்கறதுக்குன்னே 1790ல கட்டின வீடு இன்னும் நிக்குது, போய்ப் பாக்கலாம். வடக்க பஞ்சாலை ஊர்ல திடீர்னு முளைச்ச மாதிரி ஒரு முன்னோர் நிக்கிறாரு, முன்னாடி பின்னாடி சொந்தமே காணோம்னா, லண்டன் பாரிஷ்ல இருந்து வந்த பிள்ளையா இருக்குமோன்னு கண்டிப்பா யோசிங்க. லண்டன் லைவ்ஸ்ங்கிற இலவச சைட்ல 1690ல இருந்து 1800 வரைக்கும் லண்டன் ஏழை ஜனங்களைப் பத்தின பாரிஷ் பேப்பர்ஸ் நிறைய டைப் பண்ணியே வெச்சிருக்காங்க, அப்ரெண்டிஸ் ரிஜிஸ்டரும் அதுல இருக்கு. ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல்னு லண்டன்ல கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த இல்லத்துப் பிள்ளைன்னு சந்தேகம் இருந்தா அதுக்குத் தனி அப்ரெண்டிஸ் ரிஜிஸ்டர் இருக்கு, தி லண்டன் ஆர்கைவ்ஸ்ல, அதாவது கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்கைவ்ஸ்னு சொன்ன இடத்துல.

லண்டன்ல தொழில் பழகின ஆளுன்னா கில்ட் பக்கம் கண்டிப்பா போகணும். அந்த காலத்துல சிட்டின்னு சொல்ற லண்டனோட பழைய நடுப்பகுதிக்குள்ள கடை வெக்க ஃப்ரீடம்னு ஒரு உரிமை வேண்டியிருந்துச்சு, அது கிடைக்க மூணு வழி: அப்ரெண்டிஸா இருந்து முடிக்கிறது, அப்பா ஏற்கனவே உறுப்பினரா இருக்கிறது, இல்லன்னா காசு கட்டி வாங்குறது. அப்ரெண்டிஸ் வழியா வந்தவங்களோட ஃப்ரீடம் பேப்பர்ஸ்ல பல தடவை அந்த ஒரிஜினல் பத்திரமே சேர்ந்து இருக்கும், 1681ல இருந்து இருக்கு, ஆன்செஸ்ட்ரியிலயும் பாக்கலாம். ரோல்கோங்கிற சைட்ல கிளாத்வர்க்கர்ஸ், டிரேப்பர்ஸ், கோல்ட்ஸ்மித்ஸ் மாதிரி சில கம்பெனிகளோட ரெக்கார்ட்ஸ் இலவசமா தேடலாம். இங்க ஒரு பெரிய குழப்பம் வரும், அதை முன்னாடியே சொல்லிடுறேன்: டிரேப்பர்ஸ் கம்பெனி உறுப்பினர்னா துணி வியாபாரின்னு அர்த்தம் இல்ல. லண்டன் வழக்கப்படி ஒரு கம்பெனியில ஃப்ரீடம் வாங்கினா எந்தத் தொழிலும் பண்ணலாம், அப்பா வழியில வந்தவரு டிரேப்பர்ஸ் கம்பெனியில இருந்துக்கிட்டே பேக்கரி வெச்சிருக்கலாம். அதனால உங்க ஆளு தொழிலை வெச்சு கம்பெனிய ஊகிக்காதீங்க, எல்லாக் கம்பெனிக்கும் சேர்த்து பேரை வெச்சுத் தேடுங்க.

பொண்ணுங்களும் இதுல இருக்காங்க, நிறைய பேர் தேடாமலே விட்டுடறாங்க. தொப்பி, கவுன் தைக்கிற தொழில்ல பொண்ணுங்க அப்ரெண்டிஸா சேர்ந்தாங்க, கத்துக்குடுத்தது அந்த வீட்டம்மாவா இருக்கும், ஆனா கில்ட் புக்ல பேரு புருஷன் பேருலதான் இருக்கும். மாஸ்டர் செத்துப் போனா விதவை கடையை நடத்துவாங்க, பையனை வேற மாஸ்டருக்கு மாத்தியும் விடுவாங்க, அதனால நடுவுல மாஸ்டர் பேரு மாறினா வேற பையன்னு நினைச்சு ஒதுக்கிடாதீங்க.

லண்டனுக்கு வெளிய அந்தந்த ஊருக்குத் தனித்தனி. பிரிஸ்டல்ல 1532ல இருந்தே அப்ரெண்டிஸ் புக் இருக்கு, ஷெஃபீல்டுல கத்தி செய்யறவங்களுக்கு 1624ல ஆரம்பிச்ச கட்லர்ஸ் கம்பெனி, எடின்பரோவுல 1583ல இருந்து அப்ரெண்டிஸ் ரிஜிஸ்டர். கப்பல்ல போன பசங்களுக்கு நேஷனல் ஆர்கைவ்ஸ்ல பிடி 150ங்கிற இண்டெக்ஸ், 1824ல தொடங்குது. வக்கீல்கிட்ட கிளார்க்கா சேர்ந்தவங்களுக்கு 1749ல இருந்து கோர்ட்ல பதிஞ்ச அஃபிடவிட். மருந்து தொழில்னா சொசைட்டி ஆஃப் அப்பாத்திகரீஸ், 1815 சட்டம் அவங்களுக்கு 5 வருஷ அப்ரெண்டிஸ் காலத்தைக் கட்டாயமாக்கிச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ரெக்கார்ட் இது எதுவுமே இல்ல, செட்டில்மென்ட் எக்ஸாமினேஷன்தான். ஒருத்தர் ஏழையாயிட்டா அவருக்கு சோறு போட வேண்டியது எந்த பாரிஷ் பொறுப்புன்னு சண்டை வரும், அப்போ மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிக்க வெச்சு அவர் வாழ்க்கைய முழுசா கேட்டு எழுதுவாங்க. 1691க்கு அப்புறம் அப்ரெண்டிஸா இருந்த ஊரே சொந்த ஊர்னு ஆகிடும், மாஸ்டர்கிட்ட இருக்கும்போது கடைசியா எந்த பாரிஷ்ல 40 நாள் தங்கினாரோ அந்த பாரிஷ்தான் பொறுப்பு. அதனால கேக்குற முதல் கேள்வியே யாருகிட்ட தொழில் பழகின, எத்தனை வருஷம் இருந்த, ராத்திரி எங்க படுத்தங்கிறதுதான். வரியும் கட்டாம, கில்டும் இல்லாம, பத்திரமும் தொலைஞ்சு போன ஒரு ஏழைத் தொழிலாளி தன் வாயாலேயே அவர் இளமைக் கதையச் சொல்றது இங்க மட்டும்தான் கிடைக்கும், கடைசியில கையெழுத்துக்குப் பதிலா ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பாரு. இதுவும் பாரிஷ் கட்டுலதான் இருக்கும், கவுண்ட்டி ரெக்கார்ட் ஆபீஸ் கேட்டலாக்ல பேரு போட்டுத் தேடுங்க. மாஸ்டருக்கும் பையனுக்கும் சண்டைன்னா குவார்ட்டர் செஷன்ஸ்ங்கிற, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடுற கவுண்ட்டி கோர்ட்டோட ரெக்கார்ட்ஸ், பையன் ஓடிப் போயிருந்தா பழைய பேப்பர் விளம்பரம்: என்ன உயரம், என்ன கலர் முடி, என்ன சட்டை போட்டிருந்தான்னு எல்லாம் எழுதி, யாரும் வேலை குடுக்காதீங்கன்னு போட்டிருப்பாங்க. பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ்ல மாஸ்டர் பேரைப் போட்டுத் தேடினாலே சில சமயம் மாட்டும். போட்டோ எடுக்கிற காலத்துக்கு முன்னாடி பிறந்த ஒரு சாதாரணப் பையன் எப்படி இருந்தான்னு தெரிஞ்சுக்க வேற என்ன வழி இருக்கு சொல்லுங்க.

நம்ம ஊர்த் தொடர்பு உள்ளவங்களுக்கு ஒரு வார்த்தை. மெட்ராஸ்ல 1794ல ஒரு சர்வே ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, பின்னாடி கிண்டி இன்ஜினியரிங் காலேஜா வளர்ந்தது அதுதான், அங்க மேல் (ஆண்) அசைலம்ங்கிற அநாதை இல்லத்துப் பசங்களை அப்ரெண்டிஸா எடுத்து நிலம் அளக்கக் கத்துக்குடுத்தாங்க. உங்க குடும்பத்துல பழைய சர்வேயர் யாராவது இருக்காருன்னா இதுல இருந்து தொடங்குங்க. எழும்பூர்ல இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல ஈஸ்ட் இந்தியா கம்பெனி காலத்து பேப்பர்ஸ் இருக்கு, லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரில இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ் இருக்கு, அதுல மெட்ராஸ் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் என் 2ங்கிற வரிசை, ஃபைன்ட்மைபாஸ்ட்லயும் பாக்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவுல இருந்த குடும்பங்களைத் தேடுறவங்களுக்கான ஃபிபிஸ் அமைப்போட டேட்டாபேஸ்ல தேடுறது இலவசம், முதல்ல அங்க ஒரு தடவை பேரைப் போட்டுப் பாத்துடுங்க.

தேடும்போது கையில இருக்க வேண்டிய சில விஷயங்கள். வில்லியம், ஜேம்ஸ், தாமஸ் எல்லாத்தையும் சுருக்கித்தான் எழுதுவாங்க, ஜேஎன்ஓன்னு இருந்தா அது ஜான். கார்ட்வெய்னர்னா செருப்பு செய்யறவர், பெருக் மேக்கர்னா விக் செய்யறவர், கூப்பர்னா பீப்பாய் செய்யறவர், மாண்டுவா மேக்கர்னா பொம்பளைங்க டிரஸ் தைக்கிறவங்க. 1752க்கு முன்னாடி இங்கிலாந்துல வருஷம் மார்ச் 25லதான் பிறக்கும், அதனால 1720 பிப்ரவரின்னு எழுதியிருந்தா நம்ம கணக்குக்கு அது 1721. 1733க்கு முந்தின சில ரெக்கார்ட்ஸ் லத்தீன்ல இருக்கும், பழைய கையெழுத்து படிக்க நேஷனல் ஆர்கைவ்ஸ் சைட்ல இலவசப் பாடமே இருக்கு, பொறுமையா பண்ணினா ஒரு வாரத்துல கண்ணு பழகிடும்.

பையன் பேரு கிடைக்கலன்னா மாஸ்டர் பேரைப் பிடிங்க. மாஸ்டரோட உயில், மாஸ்டரோட பாரிஷ், அவர்கிட்ட சேர்ந்த மத்த பசங்க எந்த ஊருன்னு பாத்தீங்கன்னா ஒரே கிராமத்துல இருந்து ரெண்டு மூணு பசங்க வந்திருப்பாங்க, ஏன்னா மாஸ்டரும் அந்த கிராமத்துக்காரரா இருப்பாரு, ஊர்ப் பழக்கத்துல சொல்லி அனுப்பியிருப்பாங்க, அந்த கிராமத்து ஞானஸ்நான ரிஜிஸ்டரைத் திறந்தா உங்க ஆளு அங்க இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தூரத்துல இருந்து ரெக்கார்ட் ஆபீஸுக்கு மெயில் போடுறதா இருந்தா ஒரே ஒரு ஆளைப் பத்தி மட்டும் கேளுங்க, பேரு, தோராய வருஷம், பாரிஷ், தொழில், ஏற்கனவே எந்த ரெக்கார்ட்ல பாத்துட்டீங்க, எந்த வரிசை நம்பர்னு எழுதுங்க. குடும்பக் கதை முழுசையும் ரெண்டு பக்கம் எழுதி அனுப்புறதை விட இந்த அஞ்சு வரிக்கு சீக்கிரம் பதில் வரும், காப்பிக்கு எவ்வளவு ஆகும்னு அதுலயே கேட்டு வெச்சுக்கோங்க.